முகமது என்னும் முதற்பெயர்

(நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடைபாதை ஒன்று உண்டு. நடிகர்கள், பாடகர்கள், இசைக்கலைஞர்கள் என்று 2,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை நட்சத்திர வடிவில் பொறித்து, அந்த நடைபாதையின் தரையில் பதித்திருக்கிறார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கான மக்கள் அவற்றின் மேல் நடந்து போகிறார்கள். அவற்றில் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் தரையில் இல்லை. அங்குள்ள அரங்கம் ஒன்றின் வாயிலருகே சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. 2002இல் முகமது அலிக்கு அந்த மரியாதையை அளிக்க முன்வந்தபோது அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார்: நபிகள் நாயகத்தின் திருப்பெயரைத் தாங்கியிருக்கிறேன், அந்தப் பெயர் மனிதர்களின் காலடியில் கிடக்கக்கூடாது. அவர்களும் இசைந்தார்கள். குத்துச்சண்டை வீரர் ஒருவருக்கு, மேடைக் கலைஞர்களுக்கான பிரிவில், சுவரில் ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

கலையிலும் விளையாட்டிலும் ஒரே முதற்பெயரோடு புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பேசும்படி வாசகர் வட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். மைக்கேல் என்ற பெயரை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஜாக்சன், ஜோர்டான், ஷூமாக்கர், ஃபெல்ப்ஸ் என்று பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சச்சின் என்ற பெயரை எடுத்திருக்கலாம். இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மன் மீது கொண்ட ஈடுபாட்டால்தான் ரமேஷ் டெண்டுல்கர் தம் கடைசி மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். நான் முகமது என்ற பெயரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. மைக்கேல் ஜோர்டானிடம் உன் பெயர் ஏன் மைக்கேல் என்று யாரும் கேட்டதில்லை. முகமது என்ற பெயரைத் தாங்கியவர்களிடம் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள்.

அலியிடமிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 1942 ஜனவரி 17 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காஷியஸ் மார்செல்லஸ் க்ளே. தந்தையின் பெயரும் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் அடிமை முறையை எதிர்த்த அதே மாநிலத்து வெள்ளையர் ஒருவரின் பெயர் அது. நல்ல மனிதரின் பெயர்தான், ஐயமில்லை. ஆனாலும் அடிமைகளின் வழிவந்த குடும்பம் ஒன்று, எசமானர்களின் பெயர்களிலிருந்து தனக்கொரு பெயரை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்ற உண்மை அதனால் மாறிவிடாது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் க்ளே தங்கம் வென்றார். 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் சோனி லிஸ்டனை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அப்போது வயது 22. மறுநாளே தாம் இஸ்லாத்தைத் தழுவியிருப்பதை உறுதிப்படுத்தினார். மார்ச் மாதத் தொடக்கத்தில் முகமது அலி என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. பழைய பெயர் அடிமைப் பெயர், தாம் தேர்ந்துகொள்ளாத பெயர் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

நாடே அந்தப் பெயரை ஏற்க மறுத்தது. அமெரிக்காவின் பெரிய நாளேடுகள் பல ஆண்டுகள் அவரைக் க்ளே என்றே எழுதின. நடிகர் ஒருவர் திரைக்காகப் பெயரை மாற்றிக்கொண்டால் மறுநாளே சுவரொட்டியில் ஏற்றும் நாடு அது. கறுப்பின இளைஞன் ஒருவன் தன் நம்பிக்கைக்காகப் பெயரை மாற்றிக்கொண்டபோது மட்டும் அதன் நாவு எழவில்லை. 1965 நவம்பரில் லாஸ் வேகாஸில் அவரோடு மோதிய ஃபிளாய்ட் பேட்டர்சன், தானும் கறுப்பினத்தவராக இருந்தும், க்ளே என்றுதான் அழைப்பேன் என்று அறிவித்துவிட்டு வளையத்துக்குள் வந்தார். 12ஆம் சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. 1967 பிப்ரவரி 6 அன்று ஹூஸ்டனில் எர்னி டெரல். அவரும் க்ளே என்றே சொல்லிவந்தார். 15 சுற்றுகள் நடந்த அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு குத்துக்கும் இடையே, என் பெயர் என்ன, என் பெயர் என்ன என்று அலி கத்திக்கொண்டே இருந்தார்.

அந்த ஆட்டத்தைப் பலர் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முடித்திருக்கக்கூடிய ஆட்டத்தை முடிக்காமல் இழுத்து, கண் வீங்கித் தடுமாறும் ஒருவரை வதைத்தார் என்று அன்றைக்கே எழுதினார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் மூன்றாண்டுக் காலம் ஒரு மனிதனின் பெயரை உலகமே ஒதுக்கித் தள்ளினால் அவனுக்குள் என்ன திரளும் என்பதையும் அந்த இரவில் பார்க்க முடிகிறது.

மூன்று மாதம் ஆவதற்குள், அதே ஹூஸ்டனில், 1967 ஏப்ரல் 28 அன்று வியட்நாம் போருக்கான ஆள்சேர்ப்பு நடந்தது. க்ளே என்று பெயர் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்றவர் ஓர் அடி முன்னே வைத்தால் ராணுவத்தில் சேர்ந்ததாகப் பொருள். அவர் அசையவில்லை. பட்டம் பறிக்கப்பட்டது. குத்துச்சண்டை உரிமமும் போயிற்று. ஐந்தாண்டு சிறையும் 10,000 டாலர் அபராதமும் தீர்ப்பாயின. மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை என்றாலும், உடல் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் வளையத்துக்குள் கால் வைக்க முடியாமல் கழிந்தன. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சட்ட நூல்களில் அந்த வழக்கை இன்றும் 'க்ளே எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்றுதான் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் வென்ற வழக்கை மேற்கோள் காட்டும்போதே அவர் ஏற்ற பெயர் இடம்பெறுவதில்லை.

1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். அன்று அரங்கம் முழுக்க எழுந்த முழக்கம் அலி என்பதுதான். அந்த மக்களுக்குக் க்ளே யாரென்றே தெரியாது.

நம் ஊருக்கும் அவர் வந்திருக்கிறார். 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரைச் சந்தித்தார். சார்பட்டா, இடியப்பா என்று பரம்பரைகள் வகுத்துக் குத்துச்சண்டையை வளர்த்த வடசென்னைக்கு அலி அந்நியர் அல்லர். அங்கே வீட்டுச் சுவரில் அவர் படத்தை மாட்டியவர்கள் மதம் பார்த்து மாட்டவில்லை.

அந்த 1980ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் வேறு இரண்டு முகமதுகள் இருக்கிறார்கள்.

ஜூலை 29 அன்று மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்ற கணக்கில் வென்றது. அணித்தலைவர் நம் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். நான்காவது கோலை அடித்தவர் காசியிலிருந்து வந்த 20 வயது இளைஞர் முகமது ஷாகித். பந்தை மட்டையோடு ஒட்டிவைத்தாற்போல் கொண்டுபோய், இரண்டு மூன்று தடுப்பாளர்களை ஒரே இடத்தில் நிற்கவைத்துவிட்டு நழுவும் அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. புகழ் வந்த பிறகும் காசியை விட்டு அவர் போகவில்லை. ரயில்வே வேலையில் இருந்தபடியே அந்த ஊரில் வாழ்ந்தார். 2016 ஜூலையில் மறைந்தார். அலி மறைந்தது அதே ஆண்டு ஜூன் 3 அன்று. அலிக்காக உலகம் அழுதது. ஷாகித்துக்காக நம் நாடு போதுமான அளவு அழவில்லை என்பது என் வருத்தம்.

மாஸ்கோ வெற்றிக்கு இரண்டே நாள் கழித்து, 1980 ஜூலை 31 அன்று, பம்பாயில் முகமது ரஃபி காலமானார். வயது 55. கொட்டும் மழையில் பல்லாயிரம் பேர் அவர் உடலோடு நடந்தார்கள்.

ரஃபியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமிர்தசரஸ் பக்கத்தில் கோட்லா சுல்தான் சிங் என்ற கிராமத்தில் 1924 டிசம்பர் 24 அன்று பிறந்தவர். ஊர்த்தெருவில் பாடிக்கொண்டு போகும் ஃபக்கீர் ஒருவரின் பின்னால் நடந்து, அவர் பாட்டைத் தாமும் பாடிப் பழகிய சிறுவன். குடும்பம் லாகூருக்குக் குடிபெயர்ந்து முடிதிருத்தும் கடை நடத்தியது. இசை அங்கேதான் முறையாகத் தொடங்கியது. 1940களின் நடுவில் பம்பாய்க்கு வந்தார். பிரிவினை நேர்ந்தபோது அவர் வளர்ந்த லாகூர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அவர் இங்கேயே இருந்தார். 1948இல் காந்தியடிகள் கொல்லப்பட்டதும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் நெடும்பாட்டு ஒன்று வெளிவந்தது. பாடியவர் ரஃபி. நேரு தம் இல்லத்துக்கு அழைத்து அதைப் பாடச் சொல்லிக் கேட்டார். நாடு ரத்தத்தில் நனைந்திருந்த நேரம் அது. முகமது என்ற பெயருடைய 23 வயது இளைஞரின் குரலில் மக்கள் காந்திக்காக அழுதார்கள்.

1952இல் 'பைஜு பாவ்ரா' படம் வந்தது. அதில் மால்கௌன்ஸ் ராகத்தில் ஒரு பஜன் உண்டு. மால்கௌன்ஸ்தான் நம் ஹிந்தோளம். ஹரியைக் காண ஏங்கும் பக்தனின் பாட்டு. எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். கோயில்களிலும் வீடுகளிலும் இன்றும் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. இதை நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்த மூவரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க அந்தப் பாட்டை ஆக்கவில்லை. அது அவர்கள் தொழில். அந்தத் தொழிலை உயிராக மதித்தார்கள். ரஃபியின் குரல் அந்தப் பாட்டில் மேல்ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் பாடகரின் பெயர் நம் நினைவிலேயே இருப்பதில்லை. பாட்டு மட்டும் இருக்கிறது. தெலுங்கில் என்.டி.ராமராவுக்காக 'பலே தம்முடு' படத்தில் பாடியபோதும் அதே ஈடுபாடுதான்.

ரஃபிக்குக் குத்துச்சண்டை மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் கச்சேரிக்குப் போயிருந்தபோது சிகாகோவில் அலியைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஏற்பாடு செய்தார்கள். மென்மையே உருவான பாடகரும் உலகின் மிகப் பெரிய குத்துச்சண்டை வீரரும் சேர்ந்து நிற்கும் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது.

ஒன்று கவனித்திருப்பீர்கள். நம் நாட்டில் இவர்களை ரஃபி, ஷாகித், அசாருதீன் என்று இரண்டாம் பெயரால்தான் அழைக்கிறோம். நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றிலும் பிள்ளைக்கு முகமது என்று முதலில் வைத்துவிட்டு, கூப்பிடுவதற்கு இன்னொரு பெயரைச் சேர்ப்பார்கள். பிள்ளையைக் கோபத்தில் ஏசும்போது அந்தத் திருப்பெயர் வாயில் வந்துவிடக்கூடாது என்பது பெரியவர்களின் கவனம். அலி சுவரில் நட்சத்திரம் கேட்டதும் நம் ஊர்ப் பாட்டிமார்களின் இந்தக் கவனமும் ஒரே மனத்திலிருந்து வந்தவை.

கிரிக்கெட் வீரர் அசாருதீனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடிய முதல் மூன்று டெஸ்டிலும் சதம். அவற்றில் இரண்டாவது, 105, நம் சேப்பாக்கத்தில் 1985 ஜனவரியில். வேறு எவரும் இதைச் செய்ததில்லை. பின்னால் சூதாட்டப் புகாரில் வாழ்நாள் தடை வந்ததும், 2012இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றதும் நீங்கள் அறிந்ததே.

முகமது ஷமியின் கதை எனக்கு அதைவிட முக்கியம். 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றது. தோற்றவர்கள் பதினொரு பேர். வசை மழை பொழிந்தது ஷமியின் மேல். அவர் அன்று நன்றாகப் பந்து வீசவில்லை, உண்மை. மற்றவர்களும் வீசவில்லை. ஆனால் அந்தப் பதினொருவரில் முகமது என்ற பெயர் அவருக்குத்தான் இருந்தது. அணித்தலைவர் விராட் கோலி சில நாளில் செய்தியாளர்கள் முன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைவிடக் கேவலம் இல்லை என்ற கருத்தைச் சொன்னார். சொன்னதற்காக அவரும் வசை வாங்கினார். இரண்டாண்டு கழித்து, 2023 உலகக் கோப்பையில், அதே ஷமி ஏழு ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்தார். வான்கடேயில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் மட்டும் ஏழு. நாடே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் நானும் மகிழ்ந்தேன். ஆனால் என் மனம் அமைதியடையவில்லை. விக்கெட் விழும்போது வரும் மரியாதை, விக்கெட் விழாத அன்று போய்விடும் என்றால், அதை மரியாதை என்று எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தின் லிவர்பூலுக்கும் இதே கேள்வியைக் கொண்டுபோகலாம். எகிப்தின் நக்ரிக் கிராமத்திலிருந்து கெய்ரோவுக்குப் பயிற்சிக்காகப் பல மணி நேரம் பேருந்து மாறி மாறிப் போய்வந்த சிறுவன் முகமது சாலா, 2017இல் லிவர்பூல் கால்பந்து அணியில் சேர்ந்தார். கோல் அடித்ததும் மைதானத்திலேயே நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள், அவர் வந்த பிறகு அந்தப் பகுதியில் வெறுப்புக் குற்றங்கள் எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 16 சதவீதம் குறைந்திருந்ததாக 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல செய்தி. மக்கள் மனம் மாறக்கூடியது என்று அது காட்டுகிறது. ஆனால் தெருவில் பயமின்றி நடப்பதற்கு ஒரு சமூகம் தன்னில் ஒருவரை உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராக்க வேண்டும் என்ற நிலை நியாயமானதல்ல. அந்த நகரத்தில் பெட்டிக்கடை நடத்தும் முகமதுவும் கோல் எதுவும் அடிக்காமலே நிம்மதியாக வாழ வேண்டியவர்.

கடைசியாக ஓட்டப்பந்தய வீரர் மோ ஃபரா. இவருடைய கதையை மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முகமது என்ற பெயரால் உலகம் அறிந்த இவருடைய பெயர் முகமது அல்ல.

சோமாலிலாந்தில் 1983இல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹுசைன் அப்தி காஹின். உடன்பிறந்த இரட்டையர் ஹசன். நம் ஊரிலும் இரட்டை ஆண்பிள்ளைகளுக்கு ஹசன், ஹுசைன் என்று வைப்பது உண்டல்லவா, அதே வழக்கம். நான்கு வயதில் உள்நாட்டுக் கலவரத்தில் தந்தையை இழந்தார். ஒன்பது வயதை ஒட்டி, ஜிபூட்டியிலிருந்து முன்பின் தெரியாத பெண்மணி ஒருவர் அவரை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். உறவினர் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பயண ஆவணத்தில் இருந்தது முகமது ஃபரா என்ற வேறொரு சிறுவனின் பெயர். இனி உன் பெயர் இதுதான் என்றார்கள். உறவினர் முகவரி எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. லண்டனில் தம் வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண்மணி அதைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அந்த வீட்டில் சமையல் வேலையும் பிள்ளை பார்க்கும் வேலையும் செய்தார். குடும்பத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் வாயைத் திறக்காதே என்பது கட்டளை.

பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆங்கிலம் வராது. யாரோடும் ஒட்டவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் ஆலன் வாட்கின்சன் மட்டும், ஓட்டப் பாதையில் இறங்கியதும் அந்தப் பிள்ளை வேறு பிள்ளையாக மாறுவதைக் கண்டார். ஒருநாள் சிறுவன் அவரிடம் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டான். ஆசிரியர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சமூகநலத் துறையைத் தொடர்புகொண்டார். அந்த வீட்டிலிருந்து மீட்டு வேறொரு சோமாலியக் குடும்பத்தில் சேர்க்க வழி செய்தார். வெளிநாட்டுப் போட்டிக்குப் போக ஆவணம் இல்லாதபோது குடியுரிமைக்காக அலைந்தார். 2000 ஜூலையில் அது கிடைத்தது, முகமது ஃபரா என்ற பெயரில்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். 2016 ரியோவில் மறுபடியும் இரண்டிலும் தங்கம். 10,000 மீட்டர் ஓட்டத்தின் நடுவே இடறி விழுந்து, எழுந்து ஓடி வென்றார். லண்டன் அரங்கில் 80,000 பேர் மோ, மோ என்று கத்தியபோது, அவருக்குள் இருந்த ஹுசைனுக்கு எப்படி இருந்திருக்கும்? பத்தாண்டு கழித்து, 2022இல், ஓர் ஆவணப்படத்தில் எல்லாவற்றையும் சொன்னார். சொன்னால் குடியுரிமையே பறிபோகலாம் என்று வழக்கறிஞர்கள் எச்சரித்த பிறகும் சொன்னார். அரசு நடவடிக்கை எடுக்காது என்று உள்துறை அறிவித்தது. அதே படத்தில், யாருடைய பெயரில் விமானம் ஏறினாரோ அந்த உண்மையான முகமது ஃபராவோடு அவர் பேசுகிறார். அவர் துருக்கியில் இருந்தார். ஒருவர் பெயரை இன்னொருவர் உலகம் முழுக்கக் கொண்டுபோயிருந்தார். பெயருக்கு உரியவர் அதற்காகக் கோபப்படவில்லை. மோ ஃபரா தம் மகனுக்கு வைத்திருக்கும் பெயர் ஹுசைன்.

அலி தமக்குத் தாமே ஏற்ற பெயருக்காகப் போராடினார். ஹுசைன் தம்மேல் சுமத்தப்பட்ட பெயரோடு முப்பது ஆண்டு ஓடினார். இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: நீ யார், உன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்டு, சொன்ன பதிலை நம்பும் ஒரு மனிதர். ஹுசைனுக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்த்தார்.

2023இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் முகமது என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் அறிவித்தது. நம் நாட்டுப் பள்ளிகளிலும் அந்தப் பெயருடைய பிள்ளைகள் லட்சக்கணக்கில் படிக்கிறார்கள்.

இந்த அவையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அரசு அலுவலகங்களில் பணிபுரிவோரும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் பள்ளி திறந்து புதிய வருகைப் பதிவேட்டை எழுதும்போது, இடம் போதவில்லை என்று முகமது என்பதை இரண்டெழுத்தாகச் சுருக்காதீர்கள். முழுப் பெயரையும் பிழையில்லாமல் எழுதுங்கள். சான்றிதழில் ஓரெழுத்துப் பிழை வந்தால் அந்தப் பிள்ளையின் குடும்பம் அதைத் திருத்த எத்தனை அலுவலகம் ஏறி இறங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு ஒவ்வொரு பிள்ளையிடமும், அது எந்தப் பெயராக இருந்தாலும், உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று ஒருமுறை கேளுங்கள். அது சொல்வதுபோலவே கூப்பிடுங்கள்.